ஸ்மூத்திக்கு லைசென்ஸ்

விருதுநகரில் கலவைக் கண்காணிப்பு அலுவலகம் என்று ஒன்று உண்டு. பட்டாசுக் கம்பெனிகளில் மருந்தை யார் கலக்கிறார்கள், எந்த ரூமில் கலக்கிறார்கள், ஒரு ரூமில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்ப்பது அதன் வேலை. அதன் கண்காணிப்பாளர் தனுஷ்கோடி பொல்லாத மனிதர். ஏழாயிரம்பண்ணையிலிருந்து அச்சங்குளம் வரை எந்தக் கம்பெனி வாசலில் அவர் ஜீப் நின்றாலும் உள்ளே முதலாளிக்கு வியர்த்துவிடும். நாலு பேர் இருக்கவேண்டிய ரூமில் ஐந்தாவது ஆள் தலை தெரிந்தால் அப்போதே பூட்டுப் போட்டுவிடுவார். அப்பேர்ப்பட்டவரால் தன் வீட்டு மிக்ஸியைப் பூட்ட முடியவில்லை. கதை இவ்வளவுதான். மற்றதெல்லாம் அரசு நடவடிக்கை.

அவர் மனைவி யோகேஸ்வரி பச்சை ஸ்மூத்தி போட ஆரம்பித்தபோது அதில் பசலைக்கீரையும் வாழைப்பழமும் மட்டும்தான் இருந்தன. மூக்கைப் பிடித்துக்கொண்டால் குடித்துவிடலாம். ஆனால் போனில் ஒரு அம்மாள் தினமும் தோன்றி, "இதோடு இன்னொன்றையும் சேருங்கள்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். யோகேஸ்வரியும் சேர்த்துக்கொண்டே போனாள். வெள்ளரிக்காய் வந்தது. சுரைக்காய் தோலோடு வந்தது. பாகற்காய் வந்த அன்று தனுஷ்கோடிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காய்கள் தீர்ந்ததும் விதைகள் ஆரம்பித்தன. ஆளி விதை, பூசணி விதை, கடைசியாக சியா விதை. அது ஊறினால் தவளை முட்டை மாதிரி கொழகொழவென்று ஆகிவிடும்.

"இந்தா யோகேஸ்வரி, இது குடிக்கிறதா, மெல்லுறதா?"

"மென்னு குடிக்கணும்ங்க. அப்பத்தான் சத்து ஒட்டும்."

"ஏன், இட்லியில சத்து இல்லையா?"

"இட்லி வெள்ளையால்ல இருக்கு?"

தனுஷ்கோடி குடித்தார். சனிக்கிழமை ஒன்று இருக்கிறதே என்ற தைரியத்தில்தான் குடித்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் செய்யது அபுதாஹிர் கடையில் எண்ணெய் பரோட்டா. எண்ணெயில் முங்கிப் பொரிந்து, கையில் எடுத்தால் மொறுமொறுவென்று நொறுங்கும். அதன் தலையில் சால்னாவை ஊற்றிப் பிசையும்போது, உலகத்தில் இன்னும் நியாயம் இருக்கிறது என்று அவருக்குத் தோன்றும். வாரம் முழுக்க அதை நினைத்துத்தான் மனிதர் உயிரோடு இருந்தார். அதிலும் கை வைத்தாள் யோகேஸ்வரி.

"வர்ற மாசத்துல இருந்து ராத்திரிக்கும் ஸ்மூத்திதான்."

"சனிக்கிழமை?"

"சனிக்கிழமைக்கு மட்டும் வேற வயிறா வச்சிருக்கீக?"

அந்த வாரமே கடவுள் கண் திறந்தார். மிச்சமான ஸ்மூத்தியை யோகேஸ்வரி பாட்டிலில் ஊற்றி, இறுக்கி மூடி, ஜன்னலோரம் வைத்துவிட்டு மறந்துபோனாள். சித்திரை வெயில் அதை மறக்கவில்லை. மத்தியானம் 'டப்' என்று ஒரு சத்தம். மூடி மேலே போய் அடித்தது. கூரை பச்சை, ஃபேன் பச்சை, சுவரில் மாட்டியிருந்த சிவகாசிக் காலண்டர் பச்சை. யோகேஸ்வரி துணியை எடுத்து ஓடினாள். எத்தனையோ வெடி விபத்துகளை நேரில் பார்வையிட்ட தனுஷ்கோடி, இடுப்பில் கை வைத்துக் கூரையை அண்ணாந்து பார்த்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தார்.

மறுநாள் மேலதிகாரி ஸ்ரீராம்குமாரின் மேசைக்கு ஒரு குறிப்பு போனது. "குடியிருப்புப் பகுதிகளில், பயிற்சி பெறாத நபர்களால், மின்மோட்டாரைக் கொண்டு, பல்வகைக் காய்களும் வீங்கும் தன்மையுள்ள விதைகளும் யாதொரு மேற்பார்வையுமின்றி அதிவேகமாகக் கலக்கப்பட்டு வருவது கவனத்துக்கு வந்துள்ளது." ஸ்ரீராம்குமார் புதிதாக வந்தவர். பேப்பரில் பெயர் வருவதற்கு ஏதாவது கிடைக்காதா என்று தவித்துக்கொண்டிருந்தார்.

"வெடிச்சதா?"

"வெடிச்சது சார்."

"உயிர்ச்சேதம்?"

"இதுவரைக்கும் இல்ல சார். இனிமே ஆகலாம்."

"யாருக்கு?"

"குடிக்கிறவுகளுக்கு சார்."

ஆணை பிறந்தது. பட்டாசு மருந்துக்கு உள்ள அத்தனை பாதுகாப்பும் ஸ்மூத்திக்கும் வழங்கப்பட்டது. வெயில் ஏறுவதற்குள் கலந்து முடிக்க வேண்டும். கலப்பவர் நூல் சேலை உடுத்தி, வெறுங்காலோடு நின்று, மிக்ஸியைத் தொடுமுன், உடம்பிலுள்ள மின்சாரம் இறங்க, தாமிரத் தகட்டைத் தொட வேண்டும். காயும் விதையும் வேறு வேறு அறைகளில் இருக்க வேண்டும். அடுப்படிக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். கலக்கும்போது உள்ளே ஒருவருக்கு மேல் இருக்கக் கூடாது. மாமியாரும் மருமகளும் உள்ள வீடுகளில் இந்த விதிக்கு மட்டும் நல்ல வரவேற்பு இருந்தது.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு விதியைத் தனுஷ்கோடி தன் கையாலேயே எழுதினார். "உரிமம் இல்லாமல் கலக்கக் கூடாது. கலந்த மாதிரியைக் காட்டாமல் உரிமம் கிடையாது." இரண்டு பக்கமும் அடைத்தாயிற்று. எந்தக் கொம்பனாலும் இனி ஸ்மூத்தி போட முடியாது. சந்துபொந்து இருக்கக்கூடாது என்று, உண்பதற்கோ பருகுவதற்கோ ஒன்றுக்கு மேற்பட்ட பொருட்களைச் சேர்ப்பது எதுவாயினும் கலவையே என்றும் எழுதினார். அப்படியானால் காப்பி, சாம்பார் என்று யாரோ இழுத்தார்கள். வீட்டுக்குள் நெடுங்காலமாக நடப்பவற்றுக்கு விலக்கு உண்டு என்று விளக்கம் அளிக்கப்பட்டது. கடைகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

பயந்து விட்டுவிடுவார்கள் என்றுதான் தனுஷ்கோடி நினைத்தார். பாவம், நம்ம ஜனங்களைப் பற்றி அவருக்குத் தெரியவில்லை. லைசென்ஸ் கேட்கிறான் என்றால் அதில் ஏதோ இருக்கிறது! அதுவரை கீரை பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்கள்கூட மனு எழுதிக்கொண்டு வந்தார்கள். காரியாபட்டி பஸ்ஸில் நிற்க இடமில்லை. பெண் பார்க்க வந்த இடத்தில், "பொண்ணுக்கு விதை லைசென்ஸ் இருக்கா, வெறும் கீரை லைசென்ஸ்தானா?" என்று கேட்டார்கள்.

கூட்டத்தை ஜன்னல் வழியாகப் பார்த்த ஸ்ரீராம்குமாருக்கு முகமெல்லாம் பல். பேப்பர்காரர்கள் வேறு வந்திருந்தார்கள்.

"மக்கள் ஆர்வத்தை நாம தடுக்கக் கூடாது. கீரை, விதை சேர்ந்த கலவைக்கு மட்டும் தளர்வு குடுங்க. மாதிரிக்குன்னு ஒரு தடவை கலந்துக்கட்டும்."

"மாதிரியை எப்படி சார் சோதிக்கிறது?"

"மத்தாப்புன்னா கொளுத்திப் பாக்கலாம். இதைக் குடிச்சுத்தானே பாக்கணும்?"

"யாரு சார் குடிக்கிறது?"

ஸ்ரீராம்குமார் அவர் தோளில் அன்போடு தட்டினார். "ஆபத்தை முதல்ல கண்டுபிடிச்சவர் நீங்கதானே!"

முதல் மாதிரியோடு வரிசையில் முதல் ஆளாக நின்றவள் யோகேஸ்வரி. நூல் சேலை உடுத்தியிருந்தாள். அன்றிலிருந்து தனுஷ்கோடி காலையிலிருந்து சாயங்காலம் வரை ஊராரின் ஸ்மூத்தியைக் குடித்தார். அவருக்குக் கீழே இருந்தவர்கள் வீடு வீடாகப் போய் அடுப்படியில் தலை எண்ணினார்கள். ஜீப் கீரை வாசம் அடித்தது.

ஒரு சனிக்கிழமை பொறுக்க முடியாமல், யோகேஸ்வரியிடம் மீட்டிங் என்று பொய் சொல்லிவிட்டு அபுதாஹிர் கடைக்கு ஓடினார். எண்ணெய் சட்டி காய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"பாய், ரெண்டு எண்ணெய் பரோட்டா!"

"வாங்க அண்ணாச்சி. உக்காருங்க." அபுதாஹிர் இலையைப் போட்டு இரண்டு பரோட்டாக்களை வைத்தார். பச்சையாக இருந்தன. மேலே சியா விதை தூவியிருந்தது.

"என்ன பாய் இது?"

"நீங்க போட்ட ரூல்தான் அண்ணாச்சி. மைதா, உப்பு, எண்ணெய், மூணும் சேந்தா கலவையாம்ல? லைசென்ஸ் இல்லாம பிசையக் கூடாது, பிசைஞ்சு காட்டாம லைசென்ஸ் இல்ல. நானும் நடையா நடந்து பாத்தேன். கீரையும் விதையும் சேத்தா தளர்வு உண்டுன்னாக. சேத்துட்டேன். எதுத்த கடையில இட்லியே பச்சை."

தனுஷ்கோடி ஒரு துண்டைப் பிய்த்து வாயில் வைத்தார். வீட்டு நினைப்பு வந்தது. அப்போது பக்கத்து மேசையிலிருந்து ஒருவர் கும்பிட்டபடி எழுந்து வந்தார். பட்டாசுக் கம்பெனி முதலாளி சபரிநாதன். ஜீப்பைக் கண்டாலே ஒளிந்துகொள்கிறவர், இன்று எதிரிலேயே உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, நீங்க நல்லாருக்கணும். இப்படி ஒரு சீசன் நான் பாத்ததே இல்ல. ஆர்டர் குமிஞ்சு கெடக்கு. நாலு பேரு ரூம்ல ஒம்பது பேரை உக்கார வச்சு லோடு அனுப்புதேன். எட்டிப் பாக்க ஒரு ஆபீசர் இல்ல. எல்லாரும் அடுப்படியிலல்ல தலை எண்ணுறீக!"

தனுஷ்கோடிக்குத் திக்கென்றது. ஒன்பது பேர், மருந்து ரூமில். பழைய தனுஷ்கோடி விருட்டென்று எழுந்தார்.

"திங்கக்கெழமை காலையில வாரேன்யா. அஞ்சாவது தலை தெரிஞ்சாலும் பூட்டிருவேன்!"

"வாங்க, தாராளமா வாங்க," என்றார் சபரிநாதன். "ஆனா திங்கக்கெழமை உங்களுக்கு ஒழியாதே! நம்ம கம்பெனி ஆளுக அம்புட்டு பேருக்கும் ஆளுக்கொரு மிக்ஸி வாங்கிக் குடுத்துட்டேன். அன்னைக்குத்தான் எல்லாரு வீட்டுலருந்தும் சாம்பிள் கொண்டாராக. செவ்வாக்கெழமையும் அவுகதான். நீங்கல்ல குடிக்கணும்?"

பிறகு கல்லாப் பக்கம் திரும்பினார்.

"பாய், அண்ணாச்சிக்கு இன்னொரு பரோட்டா வைங்க. விதை கொஞ்சம் தூக்கலா இருக்கட்டும்."