எல்ட்ரிடின் சொந்தக் கருத்து

சுதந்திரமாகச் சிந்திப்பதற்கு வகுப்பு வைத்து, வருகைப் பதிவு எடுத்து, விண்ணப்பிக்கக் கடைசித் தேதியும் குறித்துக் கொடுத்த பெருமை எங்கள் நார்வேக்கே உரியது. பதினைந்தை நெருங்கும் பிள்ளைகள் தேவாலயத்தில் விசுவாசத்தை உறுதிசெய்யும் 'திடப்படுத்தல்' சடங்கு பெறலாம். கடவுள் வேண்டாமென்றால் மனிதநேயச் சங்கத்தின் 'விமர்சனச் சிந்தனை' வகுப்புக்குப் போய், அங்கே விழாக் கொண்டாடலாம். கேக்கும் உறவினர் கூட்டமும் இரண்டுக்கும் ஒன்றுதான்.

ஹில்டே தன் மகள் எல்ட்ரிட்மீது எதையும் திணிக்காத தாய். திணிக்காமல் இருக்க அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. மகள் தன்னிடம் இருக்கும் வாரங்களில் படிக்கவென்று, 'பாரபட்சமற்ற' அட்டவணை ஒன்றை ஃப்ரிட்ஜில் ஒட்டிவைத்தாள். மதம் என்ற தலைப்பின் கீழே சிலுவைப் போர்கள். மதமின்மை என்ற தலைப்பின் கீழே தடுப்பூசி.

பிரிந்துபோன கணவன் ஒட்வார், தேவாலயப் பாடகர் குழுவில் கட்டைக் குரல். அவனும் எதையும் திணிக்கவில்லை. தன் முறை வரும் ஞாயிறுகளில் மகளைத் தேவாலயத்துக்குக் 'கட்டடக்கலை' காட்ட அழைத்துப் போனான். பதினோரு முறை காட்டியும் கட்டடம் தீரவில்லை.

வெள்ளிக்கிழமை கடைசித் தேதி. புதன்கிழமை மூவரும் குடும்ப ஆலோசனை அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மகள் தேவாலயத்தின் பக்கம் போய்விட்டால் இத்தனை வருடம் வளர்த்ததெல்லாம் வீண் என்பது ஹில்டேவின் கணக்கு. முகத்தில் மட்டும் ஜனநாயகத்தைத் தவழவிட்டிருந்தாள்.

ஆலோசகர் கௌதே கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"ரெண்டு பேரும் படிவம் அனுப்பியிருக்கீங்க, நன்றி. இதுல 'பிள்ளையின் சொந்தக் கருத்து'ன்னு ஒரு கட்டம். அதைப் பிள்ளைதான் நிரப்பணும். ரெண்டுலயும் ஏற்கெனவே நிரம்பியிருக்கு."

"அவ நினைக்கிறதைத்தான் எழுதினேன்" என்றாள் ஹில்டே.

"நானும் அதைத்தான் எழுதினேன்" என்றான் ஒட்வார்.

"ஒண்ணுல கடவுள் இல்ல. இன்னொண்ணுல இருக்காரு" என்றார் கௌதே.

"பாட்டுக் கூட்டத்துல உட்கார வச்சு அவ மண்டையில எதையாவது ஏத்தியிருப்பே."

"சமையலறையில போர்க்களத்தை ஒட்டி வச்சவ பேசுறா பாரு."

கௌதே மகள் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா."

எல்ட்ரிட் கையிலிருந்த பட்டைத்தூள் பன்னை மென்று முடித்தாள். "நான் ஒரு சோதனை பண்ணேன். கடவுள் இருக்காரான்னு எனக்குத் தெரியலைன்னு ரெண்டு வீட்லயும் சொல்லிப் பார்த்தேன். அம்மா, 'சிந்திக்க ஆரம்பிச்சுட்டே'ன்னு கட்டிப்பிடிச்சா. அப்பா, 'சந்தேகத்துலதான் விசுவாசமே தொடங்குது'ன்னு கட்டிப்பிடிச்சாரு."

இருவரும் வெற்றிப் புன்னகை பூத்தார்கள்.

"அடுத்த மாசம் அம்மாகிட்ட, பரீட்சைக்கு முன்னாடி ஜெபம் பண்ணேன், மனசு லேசாச்சுன்னேன். மூணு நாள் ஆதாரம் கேட்டா. அப்பாகிட்ட, ஜெபம் பண்ணேன், ஒண்ணும் ஆகலைன்னேன். அவரும் மூணு நாள் ஆதாரம் கேட்டாரு. உங்களுக்கு ஒத்துப்போனா மட்டும் யாரும் ஆதாரம் கேக்குறதில்ல. இப்பல்லாம் இது யாரோட வாரம்னு பார்த்துட்டுத்தான் நான் வாயைத் திறக்குறேன்."

ஹில்டேவுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. மகள் தன்னிடம் எதையும் மறைப்பதில்லை என்றுதான் அவள் இதுவரை பெருமைப்பட்டிருந்தாள். ஆனால் விமர்சனச் சிந்தனை உள்ளவர்கள் உணர்ச்சிவசப்படக் கூடாதே. உடனே சமாளித்துக்கொண்டாள்.

"அதெல்லாம் இருக்கட்டும். என்ன முடிவு பண்ணிருக்கே?"

"அதான் முதல்லயே சொன்னேனே, தெரியலைன்னு. நிஜமாவே தெரியல. கொஞ்ச நாள் யோசிக்கணும்."

ஒட்வார் ஹில்டேவைப் பார்த்தான். ஹில்டே ஒட்வாரைப் பார்த்தாள். மணமுறிவுக்குப் பிறகு இருவர் முகத்திலும் ஒரே கவலை தெரிந்தது அப்போதுதான்.

"இவ்வளவு சொல்லிக் கொடுத்தும் இப்படிச் சொல்றாளே" என்றாள் அவள்.

"நானும் அதைத்தான் நினைச்சேன்" என்றான் அவன்.

கௌதே மனம் நெகிழ்ந்துபோனார். நான்கு ஆண்டுகளில் இந்தக் குடும்பம் ஒருமனதாக எட்டிய முதல் தீர்மானத்தைத் தன் கைப்படவே எழுதினார். ஹில்டே முந்திக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். ஒட்வார் அவளிடமிருந்தே பேனாவை வாங்கிப் போட்டான்.

'பிள்ளைக்குச் சொந்தமாகச் சிந்திக்கத் தெரியவில்லை.'