ஏகநாதன் கிணற்றில் நிலக்கரி

சேலையூர், கிழக்குத் தாம்பரம்
மே 1987

பிரியமுள்ள மைத்துனர் வில்பிரட்டுக்கு சாலமோன் எழுதுவது.

தேவ கிருபையால் நானும் உங்கள் அக்கா ரத்தினபாயும், தண்ணீர் ஒன்று நீங்கலாக, குறைவின்றி இருக்கிறோம். நெய்வேலியில் நீங்களும் ஜெயசீலியும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். முன்பு நீங்கள் அன்போடு அனுப்பிய இரண்டு மூட்டை லெக்கோ கரிக்கு முறைப்படி நன்றி எழுதினேனா என்று சந்தேகமாக இருப்பதால் இப்போது எழுதிவிடுகிறேன். அதில் எங்கள் வீட்டில் பல நாள் சமையல் நடந்தது.

இனி விஷயம். சுரங்க வேலைக்கு ஒரு நாள் விடுப்புப் போட்டுவிட்டு நீங்கள் உடனே இங்கு வர வேண்டும். எங்கள் கிணறு வற்றிவிட்டது. இந்தத் தெரு முழுவதும் ஒரு காலத்தில் பக்கத்து மனை ஏகநாதன் குடும்பத்து வயல். அவர் தம் மனையில், எங்கள் மதிலை ஒட்டி, இரு வீட்டுக்கும் பொதுவாக உறைக் கிணறு தோண்ட ஒப்புக்கொண்டார். துளசிங்கம் என்பவர் தோண்டினார். ஆளுயரம் இறங்கியதும் கறுப்புக் கட்டி ஒன்றை மதில் மேல் வைத்து, "சார், கரி கீது சார்" என்றார். பூகோள வாத்தியாராக ஓய்வு பெற்றவன் என்னைத் தவிர வேறு யாரும் இந்தத் தெருவில் இல்லை. அதுதான் என் கஷ்ட காலம்.

நான் வரிசையாகவே சொல்ல ஆரம்பித்தேன். பல்லாவரத்திலிருந்து வண்டலூர் வரை நம் காலடியில் இருப்பது மிகப் பழைய கருங்கல். நிலக்கரியோ, காடுகள் புதைந்து, அவற்றின் மேல் மணலும் களிமண்ணும் படிந்த இடத்தில், உங்கள் ஊரில் இருப்பது போல, உண்டாவது. ஆகவே இங்கே, என்று நான் முடிவுக்கு வருவதற்குள் துளசிங்கம் மூன்று செங்கல்லை வைத்து அந்தக் கட்டிகளைப் பற்றவைத்து டீ போட்டு என் கையிலேயே ஒரு டம்ளரைக் கொடுத்துவிட்டார். அந்த டீயைக் குடித்துக்கொண்டே அது கரி இல்லை என்று எப்படிச் சொல்வது? ஆராயாமல் எதையும் அறுதியிட்டுச் சொல்வதற்கில்லை என்றேன். சாயங்காலத்துக்குள் ஏகநாதன் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்: "சாரே ஒத்துக்கினாரு."

அதன் பிறகும் நான் சும்மா இருந்திருக்கலாம். சில கட்டிகளைக் காகிதத்தில் பொதிந்து வந்து மேஜையில் வைத்து ஆராய்ந்தேன். பெரும்பாலும் பொடிந்திருந்தன. முழுதாக இருந்தவை மட்டும் ஒரே அளவில், ஓரம் மழுங்கி, சின்னத் தலையணை போல இருந்தன. பண்டைக் காலத்து வெள்ளம் உருட்டி உருட்டி அப்படி ஆக்கியிருக்க வேண்டும் என்று ஏகநாதனுக்கு விளக்கினேன். இந்தக் கருத்தில் எனக்கே முழு உறுதி இல்லை. உங்கள் அபிப்பிராயம் தேவை.

ஏகநாதன் கிணற்று வேலையை நிறுத்திவிட்டார். கரியைத் தோண்ட வேண்டியது சர்க்கார்தானாம். "நெய்வேலில நெலம் குட்த்தவங்களுக்கு வேலை போட்டுக் குட்த்தாங்களாமே சார், நம்ம மருமவனுக்கு ஒண்ணு சொல்லுங்க" என்கிறார், என்னவோ வேலை என் சட்டைப் பையில் இருப்பது போல. மேடவாக்கம் ரோட்டில் மின்சார நிலையம், தாம்பரத்திலிருந்து பீச் வரை நம் கரியிலேயே ரயில், இனி கரண்ட் கட் என்பதே கிடையாது, எல்லாம் அவர் தீர்மானித்தாகிவிட்டது. எத்தனை வருஷத்துக்கு வரும் சார் என்று கேட்டார். பரப்பளவு தெரிய வேண்டும், படிவத்தின் கனம் தெரிய வேண்டும், அப்புறம்தான் கணக்கு என்று சொன்னதோடு விட்டேனா, புத்தி கெட்டுப்போய் ஒரு படமும் வரைந்து காட்டினேன். அந்தப் படம் இப்போது டீக்கடையில் ஒட்டியிருக்கிறது.

பின் தெரு தனக்கோடி போன மாதம்தான் வீட்டுக்குத் தளம் போட்டவர். சர்க்கார் நிலத்தை எடுத்துக்கொள்ளும் என்று பயந்து ஓடி வந்தார். "இன்னா சார் பேஜாரு இது, கரி கீதுன்னு நீ ஏன் சார் சொன்னே?" நான் சொல்லவில்லையே என்றேன். "அப்ப இல்லன்னு சொல்லு." அதையும் சொல்ல வாய் வரவில்லை. இப்போது பால் வாங்கக்கூட நான் சுற்றிக்கொண்டுதான் போகிறேன்.

தண்ணீர் லாரியோ நினைத்தால் வருகிறது, நினைத்தால் வருவதில்லை. உங்கள் அக்கா குடத்தோடு வரிசையில் நின்று நின்று முழங்கால் வீங்கிப் போய், அந்தக் கறுப்புச் சனியனை நான் கண்ணாலும் பார்க்க மாட்டேன் என்று என் மேஜைப் பக்கமே வருவதில்லை. நேற்று மட்டும் கேட்டாள்: "இத்தனை வருஷம் ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் பாடம் சொன்னீங்களே, இல்லைன்னு ஒரு வார்த்தை உங்களுக்கு வராதா?" அதைத்தான் நானும் யோசிக்கிறேன். வருஷாவருஷம் படத்தில் உங்கள் ஊரை மட்டும் கறுப்பாகத் தீட்டச் சொல்லி, செங்கற்பட்டு மாவட்டத்தை வெறுமையாக விடச் சொன்னவன் நான். தப்பாகத் தீட்டியதற்கு மார்க் வேறு குறைத்திருக்கிறேன்.

ஆகவே வாருங்கள். மறக்காமல் தலைக்கவசத்தோடு வாருங்கள். தொப்பி போட்டவர் குழியை எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினால் போதும், ஏகநாதன் நம்பிவிடுவார், கிணறும் முடியும்.

வனாந்தரத்தில் கன்மலையிலிருந்து தண்ணீர் தந்தவர் உங்கள் குடும்பத்தையும் தாங்குவாராக. பிள்ளைகளுக்கு எங்கள் முத்தங்கள்.

தங்கள் அன்புள்ள,
சாலமோன்

பி.கு.: வழக்கம்போல் தபாலில் சேர்க்கும் முன் இதை உங்கள் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். தலையணை என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னாள். எழுந்து போய் மேஜையிலிருந்த கட்டியைத் திருப்பிப் பார்த்தாள். "என்னங்க, இது தம்பி அனுப்பின லெக்கோ." எண்பத்தைந்து வெள்ளத்தில் இரண்டு மூட்டையும் ஊறிப்போய்ப் புகைந்ததாம்; நம் வீட்டு அஸ்திவாரத்துக்கு மண் எடுத்த பக்கத்து மனைப் பள்ளத்தில் கொட்டச் சொல்லிவிட்டாளாம். பிறகு ஏகநாதன் பள்ளத்தை மண் போட்டு மூடியிருக்கிறார். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். "சொன்னா அன்னைக்கே தம்பிக்கு மன்னிப்புக் கேட்டு நாலு பக்கம் எழுதியிருப்பீங்க." அடுப்படிப் பக்கம் போகாதவனுக்கு, அச்சில் அழுத்திச் செய்யும் லெக்கோவின் வடிவம் எப்படித் தெரியும்?

நான் பேனாவை மூடுவதற்குள் அவளே மதிலோரம் போய் இரண்டே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டாள். ஏகநாதன் குழியை எட்டிப் பார்த்தார். பிறகு, "இதை மொதல்லியே சொல்லக்கூடாதாக்கா? சாரு பூமி பொறந்ததுலேர்ந்து சொல்லிகினு இருந்தாரு" என்றார். துளசிங்கம் மறுபடி குழியில் இறங்கிவிட்டார், சத்தம் கேட்கிறது. நீங்கள் வர வேண்டியதில்லை.

மேலே எடுத்துப் போட்ட கரியை உங்கள் அக்கா வாரிக்கொண்டு வந்து வெயிலில் காயவைத்தாள். இன்று சோறு அதில்தான் வெந்தது. ஆகவே அதில் சமையல் நடந்தது என்று தொடக்கத்தில் நான் எழுதிய நன்றியை அடிக்காமல் விடுகிறேன். காலம்தான் சற்று முந்திவிட்டது.