பனியனுக்குள் இருக்கும் கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. ஆண்டவருடைய கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். உன் சுகமும் அத்தானுடைய முழங்கால் சுகமும் அறிய ஆவல். இந்தக் கடிதத்தை அத்தானுக்குப் படித்துக் காட்டாதே. அவர் ரொம்ப நல்லவர், ஆனால் அவர் வாயில் ஒரு விஷயம் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு மேல் தங்காது. எல்லாரும் சுகம் என்று எழுதியது வழக்கத்துக்காக. உண்மையில் நான் சுகமாக இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசாட்சிக்குத்தான்.

உனக்கே தெரியும், மகளும் மாப்பிள்ளையும் பதினாலு வருஷம் மிஷனரிகளாக இருந்து, அந்த மலையில் பள்ளிக்கூடம் ஒன்றும் மருந்தகம் ஒன்றும் நடத்தினார்கள். அவர்களிடம் படித்த பிள்ளைகளே வாத்தியாராகி, நர்ஸாகி, ஒருநாள் எல்லாருமாக வந்து, "ஐயா, இனிமே நாங்களே பார்த்துக்கறோம்" என்று சொல்லி, மாலை போட்டு, ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வேலையை ஒழுங்காகச் செய்ததற்காக வேலை போன குடும்பம் உலகத்திலேயே இது ஒன்றுதான் இருக்கும். அடுத்து என்ன செய்வது என்று ஜெபித்துத் தெரிந்துகொள்ள ரெண்டே ரெண்டு வாரம் என்று சொல்லித்தான் நம் வீட்டுக்கு வந்தார்கள். அது ஆயிற்று நாலு மாதம். கடிகாரம் ஹாலில் மாட்டியிருக்கிறது, மாப்பிள்ளை அதற்கு நேர் கீழே உட்கார்ந்து ஆண்டவருடைய நடத்துதலுக்குக் காத்திருக்கிறார்.

நடத்துதல் என்றால் சும்மா இல்லை அக்கா. மாப்பிள்ளை தங்கமானவர், ஒரு குறை சொல்ல முடியாது, ஆனால் எதற்கும் ஆண்டவரிடம் ஓர் அடையாளம் கேட்காமல் நகரமாட்டார். போன மாதம் ஒரு பள்ளிக்கூடத்தில் நேர்காணல். முதலில் வருகிற பஸ்ஸில் உட்கார இடமிருந்தால்தான் போகவேண்டும் என்று கேட்டிருக்கிறார். வந்த பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. "ஆண்டவர் தடுக்கறாரு மாமா" என்று திரும்பி வந்துவிட்டார். "மாப்பிள்ளை, காலை எட்டரை மணி பஸ்ஸில் யாருக்குமே ஆண்டவர் இடம் தரமாட்டார்" என்று நானே அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். போனார். முந்தைய வேலையை ஏன் விட்டீர்கள் என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். இவர் ஆண்டவர் தன்னை நடத்திவந்த கதையை முக்கால் மணி நேரம் சாட்சியாகச் சொல்லி, கேட்டவர்களை எழுந்து நிற்கச் சொல்லி ஜெபத்தோடு முடித்திருக்கிறார். தலைமை ஆசிரியர் அழுதேவிட்டாராம். வேலையை வேறொருவருக்குக் கொடுத்தார்கள்.

இப்படி இருக்கையில்தான் இன்னொரு ஊழிய நிறுவனத்துக்கு விண்ணப்பம் போட்டார்கள். முந்தினதைவிட தூரம். ரயில், பஸ், அப்புறம் படகு, அதற்கப்புறம் நடை. அதன் தலைவர் வயதான ஒரு பெரியவர், கைபேசியே வைத்துக்கொள்வதில்லையாம், எதையும் கடிதத்தில்தான் சொல்வாராம். அவ்வளவுதான், மாப்பிள்ளைக்குக் கேட்பதற்கு ஓர் அடையாளம் கிடைத்துவிட்டது. ஒன்றாம் தேதி குடும்ப ஜெபத்தில் எல்லாரும் முழங்காலில் இருக்கும்போது சத்தமாகக் கேட்டார்: "ஆண்டவரே, இந்த மாசம் முப்பதாம் தேதிக்குள்ள அந்தக் கடிதம் வந்தா அது உம்முடைய அழைப்பு, நாங்க போறோம். வரலைன்னா இங்கேயே இருக்கறோம்." மகள் ஆமென் சொன்னாள். உன் தம்பி பெண்டாட்டி ஆமென் சொன்னாள். நானும் சொன்னேன். எனக்கு என்ன தெரியும்.

இருபதாம் தேதி கடிதம் வந்துவிட்டது.

முப்பத்தெட்டு வருஷம் தபால் நிலையத்தில் ஊர்வாரியாகத் தபால் பிரித்தவன் நான். ஓய்வு பெற்றும் கை சும்மா இருக்காமல் வீட்டிலுள்ள செருப்புகளைக்கூட ஆள்வாரியாகப் பிரித்து வைக்கிறவன். தபால்காரர் மணி அடிப்பதற்கு முன்பே வாசலில் நிற்பேன். உறையைப் பார்த்ததும் அந்த நிறுவனத்தின் முத்திரை என்று தெரிந்தது. முப்பத்தெட்டு வருஷத்தில் ஒரு தபால், ஒரே ஒரு தபால், என் கையால் ஒரு மணி நேரம் தாமதமானது கிடையாது. அப்படிப்பட்ட நான் என்ன செய்தேன் தெரியுமா? இடதும் வலதும் பார்த்துவிட்டு அதைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன். பிரிக்கவில்லை அக்கா. அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கிற அளவுக்கு நான் இன்னும் கெட்டுப்போகவில்லை.

ஒளித்து வைப்பது அவ்வளவு லேசு என்று நினைக்காதே. என் வேதாகமத்துக்குள் வைத்தேன். மிஷனரிகள் இருக்கிற வீட்டில் வேதாகமத்துக்குள் ஒளிக்கிற புத்திசாலி நான் ஒருவன்தான். பத்து நிமிஷத்தில் மகள், "அப்பா, உங்க பைபிளைக் கொஞ்சம் குடுங்க, பெரிய எழுத்தா இருக்கு" என்று வந்து நின்றாள். கடிதத்தை உருவிக்கொண்டுதான் கொடுத்தேன். தலையணைக்கு அடியில் வைத்தேன். பேத்தி என் கட்டிலில்தான் குதிப்பாள். கடைசியில் பனியனுக்குள் வயிற்றோடு வைத்து வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். அங்கேயே இருக்கிறது, அஞ்சு நாளாக. முழங்கால் போட்டால் மொரமொரவென்று சத்தம். "என்னங்க அது?" என்றாள் உன் தம்பி பெண்டாட்டி. "முட்டி" என்றேன். அவளிடம் மட்டும் மூச்சு விடமாட்டேன். அவளிடம் சொன்னால் அது பெண்கள் கூடுகையில் ஜெபக்குறிப்பாகிவிடும், ஞாயிற்றுக்கிழமை போதகரே என் வயிற்றைப் பார்ப்பார்.

எல்லாவற்றையும்விடக் கஷ்டம் ஆமென்தான். தினமும் மாப்பிள்ளை, "கடிதம் வந்தா போறோம் ஆண்டவரே" என்று ஜெபிக்கிறார். வயிற்றில் கடிதத்தை வைத்துக்கொண்டு அதற்கு எப்படி ஆமென் சொல்வது? இருமிவிடுகிறேன். மூன்றாம் நாள் மாப்பிள்ளை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மாமா, உங்களுக்குள்ள ஏதோ பாரம் இருக்கு, நான் உணர்றேன்" என்றார். இல்லை மாப்பிள்ளை, சளி என்றேன். அவர் நம்பவில்லை. அன்றிலிருந்து மத்தியானம் சாப்பிடுவதில்லை. எனக்காக உபவாசமாம்! அவர் அந்தக் கடிகாரத்துக்கு அடியில் கண்ணை மூடிக்கொண்டு எனக்காக வேண்டிக்கொண்டிருக்கிறார், நான் எதிரே உட்கார்ந்து அவர் பங்கையும் சேர்த்துச் சாப்பிடுகிறேன்.

நான் கெட்டவன் என்றே வைத்துக்கொள். ஆனால் நீயே சொல். பதினாலு வருஷம் மகளுடைய குரலைத்தான் கேட்டேன், அவளைப் பார்த்தது எத்தனை தடவை? சிக்னல் கிடைக்க மேடு ஏறி வந்து பேசுவாள், மூச்சு வாங்கும், "நல்லா இருக்கேன்ப்பா" என்று முடிப்பதற்குள் அறுந்துவிடும். இப்போது அவள் பக்கத்து அறையிலிருந்து, "அப்பா, லைட்டை அணைக்கவே மாட்டீங்களா? வீடா, இல்ல ரயில்வே ஸ்டேஷனா?" என்று கத்துகிறாள். அந்தத் திட்டு வாங்குவதற்காகவே நான் எல்லா விளக்கையும் போட்டுவைக்கிறேன். பேத்திக்கு ஏழு வயது, வந்தபோது என்னை 'நீங்கள் யார்' என்பதுபோலப் பார்த்தவள், இப்போது காலையில் ஸ்டூல் போட்டு என் பக்கத்தில் நின்று பல் தேய்க்கிறாள். நான் துப்புவதுபோலவே துப்புகிறாள். என்னை மாதிரியே தொண்டையைக் காறுகிறாள், சின்னக் கிழவன் மாதிரி! இவர்களைப் படகில் ஏற்றி அனுப்பு என்று அந்த உறை சொல்லுமானால், அந்த உறை முப்பதாம் தேதிவரை என் வயிற்றிலேயே இருக்கட்டும். இன்னும் அஞ்சு நாள்தான். ஆண்டவர் என்னை மன்னிப்பார், அவருக்கும் பிள்ளை உண்டு. தபால் இலாகா மன்னிக்காது. பரவாயில்லை.

ஆகவே நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன், யார் சொன்னாலும் மாறமாட்டேன். எனக்காக நீ ஜெபி, ஆனால் எதற்காக என்று ஆண்டவரைத் தவிர யாரிடமும் சொல்லாதே. அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். உங்கள் வீட்டின்மேல் சமாதானம் தங்குவதாக. என் வீட்டில் அது முப்பத்தொன்றாம் தேதி வந்து சேரும்.

இப்படிக்கு,
உன் பாசமுள்ள தம்பி

பி.கு.: நேற்று பெட்டியில் தபால் எடுக்கிற நேரம் போய்விட்டதால் இதை இன்றுதான் சேர்க்கிறேன். மேலே எழுதினதை எல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள். இன்று மத்தியானம் மாப்பிள்ளை தான் சாப்பிடாமல் பேத்திக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். அவர் வயிறு இரைந்தது எனக்கே கேட்டது. அவர் என் பக்கம் திரும்பி, "மாமா, இன்னிக்குக் கொஞ்சம் லேசா இருக்கா?" என்று கேட்டார். அவ்வளவுதான், பனியனைத் தூக்கிக் கடிதத்தை எடுத்து மேசையில் போட்டுவிட்டேன். உறை வியர்வையில் ஊறி அப்பளமாகிக் கிடந்தது. மகள் அதையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். "எத்தனை நாளாப்பா?" என்றாள். ஆறு என்றேன். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. பிரித்துப் படித்தாள்.

அவர்கள் வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்கள் அக்கா. வயது நாற்பது தாண்டிவிட்டதாம், பிள்ளை வேறு இருக்கிறதாம், இளையவர்களைத் தேடுகிறார்களாம், ஜெபத்தில் நினைத்துக்கொள்வார்களாம். மாப்பிள்ளை ரெண்டு தடவை வாங்கிப் படித்துவிட்டு, "கடிதம் வந்தா போறோம்னு கேட்டேன். வந்திருக்கு, ஆனா வராதேன்னு வந்திருக்கே! இதுக்கு என்ன மாமா அர்த்தம்?" என்று என்னையே கேட்கிறார். நான் துள்ளிக் குதித்திருக்கவேண்டும். மகள் அந்தத் தாளை மடித்தபடி, "மலையிலயும் வேணாம்னு அனுப்பிட்டாங்க, இவங்களும் வேணாம்னு சொல்றாங்க. நாங்க யாருக்குமே வேணாமாப்பா?" என்றாள்.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! என் மகளை வேண்டாம் என்று சொல்ல இவர்கள் யார்? அந்த நிமிஷமே உட்கார்ந்து அந்த நிறுவனப் பெரியவருக்கு நாலு பக்கம் எழுதினேன். அவள் இருட்டில் டார்ச் பிடித்துப் பிரசவம் பார்த்தது, மாப்பிள்ளை எழுத்தே தெரியாத ஊரை எழுதவைத்தது, பேத்தி மூன்று பாஷை பேசுவது, ஒன்றையும் விடவில்லை. இவர்களைப் போல ஒரு குடும்பம் உங்களுக்குக் கிடைக்காது, மறுபடி யோசியுங்கள், தகப்பன் என்ற முறையில் இவர்களை அனுப்பிவைக்க எனக்குப் பூரண சம்மதம் என்று கையெழுத்தும் போட்டேன். போட்ட பிறகுதான் என்ன எழுதியிருக்கிறேன் என்று உறைத்தது. கிழிக்க மனசு வரவில்லை. பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். நீயும் அவர்கள் சரி என்று சொல்லவேண்டும் என்றே ஜெபம் செய் அக்கா. நான் அழுதால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.