டுரியான் எசன்ஸ் செய்த துரோகம்

பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தும், மின்சிகரெட்டில் ஊற்றும் வேப் திரவம் இறங்கவில்லை. அடியில் மணல் மணலாக ஏதோ உறைந்திருந்தது. கைரில் பாட்டிலை உள்ளங்கையில் தட்டிப் பார்த்தான்.

நான்கு மணிக்கு மொக்தார் வருகிறார். தைப்பிங் நகரில் மூன்று வேப் கடை வைத்திருப்பவர். இழுத்துப் பார்த்துப் பிடித்துவிட்டால், கைரிலின் வீட்டுத் தயாரிப்புக்கு அவர் அலமாரியில் இடம். பிடிக்காவிட்டால் திங்கட்கிழமை முதல் மாமனாரின் கோழிப்பண்ணை. மனைவி நுரைனிக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது. கோழிக்கும் அவனுக்கும் ஆகவே ஆகாது.

"எல்லாம் உன் தம்பி குடுத்த டுரியான் பழ எசன்ஸ்! அதுதான் உறைய வைக்குது!"

"போன மாசமும் அதே எசன்ஸ்தானேங்க? அப்ப நல்லாத்தானே ஓடுச்சு?"

"அப்ப நல்லதைக் குடுத்தான். இப்ப கலப்படம்!"

டுரியானைத் தொட்டியில் கொட்டிவிட்டு, பண்டான் இலை எசன்ஸை எடுத்தான். அது லேசான சரக்கு, உறையாது என்று ஒரு நம்பிக்கை. நம்பிக்கை மிகுதியில் இரண்டு மடங்கு ஊற்றினான். கலவை ரசம் போல நீர்த்துவிட்டது. கெட்டியாக்க, டுரியானில் ஊற்றிய அதே கிளிசரின் பாட்டிலைச் சாய்த்தான். இப்போது கரண்டி நெட்டுக்குத்தலாக நின்றது. இளக்குவதற்காக அடுப்பில் வைத்தான்.

நுரைனி எட்டிப் பார்த்து, கரண்டியில் இருந்ததை இரண்டு விரலால் தொட்டுப் பிரித்தாள். நூல் நீண்டது.

"கம்பிப் பதம். இன்னும் ரெண்டு கொதி விடுங்க, மிட்டாய் பிடிச்சிரலாம்."

கைரிலுக்குக் கோபம் தலைக்கேறியது. மச்சானுக்குப் போன் போட்டான்.

"ஷம்சூல், நீயெல்லாம் மனுஷனாடா? எசன்ஸ்ல என்னத்தக் கலந்த?"

"நான் கலந்தேனா? இனிமே என் மூஞ்சில முழிக்காதீங்க!"

போன் துண்டானது. நுரைனி கணவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பெட்டியை இறக்கித் துணி அடுக்கத் தொடங்கினாள்.

சரியாக நான்கு மணிக்கு மொக்தார் வந்தார். தன் கருவியில் பண்டானை நிரப்பி ஓர் இழுப்பு இழுத்தார். 'சுர்'ரென்று ஒரு சத்தம். இருமியதில் கண்ணில் நீர் கொட்டியது. கருவியைத் திறந்தால் உள்ளே திரவம் ஊறும் பஞ்சு கரிக்கட்டை.

"ஒரே இழுப்புல பஞ்சு கருகி நான் பாத்ததே இல்லப்பா!"

"பாஸ், எசன்ஸ் சரியில்ல பாஸ், இன்னொரு தடவை..."

"உனக்குக் கைப்பக்குவம் இல்ல தம்பி. வேற வேலை பாரு."

தேநீர்கூடக் குடிக்காமல் கிளம்பினார். கைரிலின் காதுக்குள் கோழிகள் கூவின.

மறுபடி கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டு கமாரியா, கையில் காலிக் கிண்ணத்தோடு.

"தம்பி, கேக் அலங்காரத்துக்கு இன்னும் கொஞ்சம் கிளிசரின் வேணும்ப்பா. முந்தாநாள் நுரைனி குடுத்த பாட்டில் ஒரே கேக்குல தீந்துபோச்சு. காலிப் பாட்டிலைத் திருப்பிக் குடுத்தா மரியாதையா இருக்காதேன்னு, கழுத்து வரைக்கும் சீனிப்பாகு காய்ச்சி ஊத்தி உங்க அடுப்படியில வெச்சேனே, பாத்தியா?"