சாம்பியனுக்குப் பின்னால் நின்றவர்

சதுரங்கம் இருவர் ஆடும் ஆட்டம் என்று எந்தப் புண்ணியவான் சொன்னாரோ தெரியாது. மூன்றாவது ஆள் ஒருவர் உண்டு, வாசகரே. உட்கார மாட்டார். காயைத் தொட மாட்டார். தோற்கவே மாட்டார். 'பின்னால் நிற்பவர்' என்பது அவருடைய இனம்.

சீனாவில் யாங்ஜோ நகரின் கால்வாய்ப் பூங்காவில் அந்த இனத்துக்குத் தலைமகன் காவ் தேமிங், ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். தேநீர்க் குடுவையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சூரியகாந்தி விதையைக் கொறித்துத் துப்பிக்கொண்டு, ஆடுகிறவரின் காதுக்குள், அடுத்த நிறுத்தத்தை அறிவிக்கும் அதே குரலில், "அட, குதிரையை எடுய்யா!" என்று முழங்குவார். எடுத்தவர் ஜெயித்தால் அது காவின் யோசனை. தோற்றால்? எடுத்த விதம் சரியில்லை.

அங்கேதான் ஏழு வயது ஃபாங் ஷூயிங், அப்பாவோடு வெளிநாட்டுச் சதுரங்கம் ஆட வந்தாள். காவ் பின்னால் போய் நின்றார்.

"இது யாரு பாப்பா?"

"ராணி, மாமா."

"நம்ம சீன ஆட்டத்துல ராணியே கிடையாதே! எதுக்கு இந்தப் பொம்பளை இப்படி ஊர் சுத்துறா? தூக்கி ஓரமா வை."

அவள் வைக்கவில்லை. ஜெயித்தாள்.

மாகாணப் போட்டிக்கும் காவ் ரயிலேறிப் போனார். பேசக் கூடாது என்றார்கள், இருமினார். இருமலிலேயே யோசனை சொல்கிறார் என்று நடுவர் வெளியே அனுப்பினார். கதவு சாத்திய பிறகு ஷூயிங் நிம்மதியாக ஆடிக் கோப்பை வாங்கினாள். "என் இருமலே மருந்து மாதிரி வேலை செஞ்சிருக்கு பாரு!" என்றார் காவ்.

பல வருடம் கழித்து, உலகப் பட்டத்துக்கான கடைசி ஆட்டம். வீட்டில் தொலைக்காட்சி பார்த்த மனைவியின் நாற்காலிக்குப் பின்னால் காவ் நின்றார்.

"உக்காந்து பாருங்களேன்!"

"உக்காந்தா எனக்கு மூளை ஓடாது."

ஷூயிங் ராணியை வெட்டுக் கொடுத்தாள். "போச்சு! குடி முழுகிப்போச்சு!" என்று காவ் அலறியதில் மாடி வீட்டுக்காரர்கள் இறங்கி ஓடிவந்தார்கள். அவர்கள் வந்து சேர்வதற்குள் எதிராளி கைகொடுத்துத் தோல்வியை ஒப்புக்கொண்டாள். காவ் மூச்சு வாங்கினார்.

"நான் அன்னிக்கே சொன்னேன்ல, ராணி வேண்டாம்னு!"

பட்டத்தோடு ஊர் திரும்பியவளை மேளதாளத்தோடு பூங்காவுக்கு அழைத்துவந்தார்கள். அவள் நேரே காவிடம் போனாள்.

"மாமா, இத்தனை வருஷமா நிக்கிறீங்களே, ஒரு ஆட்டம் உக்காருங்க. உங்க சீன ஆட்டமே."

காவின் முகம் வெளிறியது. தப்ப வழியில்லை, ஊரே சுற்றி நின்றது. எதிரே பன் அவித்து விற்கும் ஷென் அக்கா, இடுப்பில் கட்டிய துணியில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நின்றே பார்த்துப் பழகிய பலகை, உட்கார்ந்ததும் காவுக்கு அடையாளமே தெரியவில்லை. பிடரியில் மூச்சுக்காற்று பட்டது.

"மாமா, அந்தத் தேரை..." என்றாள் பின்னாலிருந்து உலக சாம்பியன்.

"சும்மா இரும்மா! ஆடுறவனுக்குத் தெரியாதா?"

நாலு நகர்த்தலில் ராஜா மாட்டிக்கொண்டார். "எந்திரிங்க காவ் அண்ணே, அடுப்புல பன் வெந்துடும்" என்றாள் ஷென் அக்கா.

காவ் எழுந்து குடுவையை எடுத்தார்.

"பின்னால ஒருத்தி தொணதொணன்னா எவன் ஆட முடியும்?"

ஷூயிங் சிரிப்பு தாளாமல் புல்தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அவள் சொன்னதைக் கேட்டிருந்தால் காவ் ஜெயித்திருப்பார் என்று உங்களுக்கு இப்போது தோன்றுகிறதா? பலகையைப் பார்க்காமலே நீங்களும் பின்னால் வந்து நின்றுவிட்டீர்களே, ஐயா!