தீர்த்தம் குடித்த கிற்றார்

கையில் இருக்கும் சாமான்மீது பழியைப் போடுவது போலச் சுகமான காரியம் உலகத்தில் வேறொன்றும் இல்லை. சாமான் திருப்பிக் கதைக்காது. கறி தீய்ந்தால் சட்டி, எழுத்துக் கோணலானால் பேனை, பஸ்ஸைத் தவறவிட்டால் மணிக்கூடு. நான் வாசித்துப் பிழைவிட்டால் கிற்றார். என் இளமைக்காலத்தின் பெரும்பகுதியை இந்த ஒரே நியாயத்தின் நிழலில் படுத்துக்கொண்டே கழித்தேன்.

குற்றவாளியைப் பற்றியும் சொல்லவேண்டும். அது ஒரு சிவப்பு எலெக்ட்ரிக் கிற்றார். எத்தனையாவது கையாக என்னிடம் வந்ததென்று விற்றவருக்கே தெரியாது. கழுத்து கொஞ்சம் வளைந்திருந்தது. கம்பிகள் பலகையிலிருந்து அவ்வளவு உயரத்தில் நின்றதால், இடைவெளியில் ஒரு பல்லி குடித்தனம் நடத்தலாம். அழுத்தி அழுத்தி என் விரல் நுனிகள் மரத்துப்போயின. (இப்போதும் அந்த விரல்களால் சூடான தேநீர்க் கோப்பையைப் பிடிப்பேன். அந்தக் கிற்றாரால் கண்ட பலன் அது ஒன்றுதான்.)

நான் வாசித்தது ரஞ்சன் அண்ணையின் குழுவில். அண்ணை குருநகர்க்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் ஓர்கன், மற்ற நாட்களில் கல்யாண மண்டபங்களில் கீபோர்ட். குறைவாகப் பேசுவார். நான் ஒரு சுரத்தைத் தவறவிட்டால் திரும்பி என்னைப் பார்ப்பார். நான் கிற்றாரைப் பார்ப்பேன்.

"கிற்றார் சரியில்லை அண்ணை."

"நான் ஒண்டும் கேக்கேல்லையே" என்பார்.

இப்படியே காலம் போயிருக்கும். அக்காவிடமும் அதையே சொன்னதுதான் வினையாகப் போயிற்று.

அக்கா கனடாவில் இருக்கிறாள். அம்மா செத்தபோது அவளுடைய அகதி வழக்கு முடியவில்லை, வரமுடியவில்லை. செத்தவீடு முழுவதையும் என் போனில்தான் பார்த்தாள். வாய்க்கரிசி போடுகிற நேரம் பார்த்து இணைப்பு அறுந்துவிட்டது. திரும்ப எடுத்தபோது பெட்டியை மூடிவிட்டார்கள். அந்தப் போனைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். அந்த முறையும் நான் போனைத்தான் திட்டினேன்.

அம்மாவுக்கு ஒரு பாட்டு இருந்தது. பழைய படப்பாட்டு. தேங்காய் துருவும்போது முணுமுணுப்பார். நான் கிற்றாரில் முதன்முதலாகப் பிடித்ததும் அதுதான், அம்மாவின் வாயிலிருந்து கேட்டு. அக்கா போன் எடுக்கும்போதெல்லாம் கேட்பாள்:

"தம்பி, அம்மான்ரை பாட்டை ஒருக்கால் வாசி."

வாசிப்பேன். பல்லவி வரும். சரணத்தில் ஒரு இடத்தில் பாட்டு மேலே ஏறவேண்டும். அங்கே என் விரல் பாதிவழி ஏறி, வழுக்கி, நின்று, மறுபடி பல்லவிக்கே ஓடிவந்துவிடும். எத்தனை தரம் வாசித்தாலும் அதே இடம், அதே வழுக்கல். மறுமுனையில் அக்கா ஒன்றும் பேசமாட்டாள். அந்த மௌனம் எனக்கு ஒரு பரீட்சை முடிவைப் போலக் கேட்கும்.

"கிற்றார் சரியில்லை அக்கா" என்றேன் ஒருநாள். "நல்ல கிற்றார் எண்டால் அம்மா பக்கத்திலை இருந்து பாடுற மாதிரியே கேக்கும்."

நான் அதைச் சாட்டாகச் சொன்னேன். அவள் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டாள்.

வழக்கு முடிந்து கடதாசி கிடைத்ததும், மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டை ஊரிலேயே செய்வதென்று அக்கா வந்து இறங்கினாள். கையில் ஒரு நீளப்பெட்டி. விமானத்தில் அதைக் கீழே சாமான்களோடு போடவிடாமல் சண்டை பிடித்து, தன் உடுப்புப் பெட்டி ஒன்றை விட்டுவிட்டு வந்தாளாம். விடிய எழும்பிப் பேக்கரியில் மா பிசைந்து உழைத்த காசு. திறந்தால் உள்ளே நீலநிறத்தில் ஒரு கிற்றார். பெயர் தெரிந்த கொம்பனி. கம்பிகள் பலகையைத் தொட்டும் தொடாமலும் படுத்திருந்தன. எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் அல்ல, ஒரு கேள்வி. இனி யார்மீது பழி போடுவது?

"மண்டபத்திலை அம்மான்ரை பாட்டை இதிலை வாசி" என்றாள் அக்கா. "செத்தவீட்டுக்கும் நான் வரேல்லை. அம்மான்ரை குரலிலை ஒரு துண்டும் என்னட்டை இல்லை. ஒருக்கால் அந்தமாதிரிக் கேட்டனெண்டால் போதும்."

நான் தலையாட்டினேன். கையை நீட்டிக் கம்பியைத் தொடப்போனேன். பின்னாலிருந்து அப்பா கத்தினார்.

"டேய், தொடாதை! பூசை செய்யாமல் புதுச் சாமானைத் தொடுறதே?"

அப்பா வெங்காயத் தோட்டக்காரர். எங்கள் வீட்டுக்குள் வந்த எந்த இயந்திரமும் பிள்ளையாரைப் பார்க்காமல் வேலை தொடங்கியதில்லை. மோட்டார் சைக்கிள், தண்ணீர் இறைக்கும் மெசின், மருந்தடிக்கிற டாங்கி, எல்லாம் போய்வந்தவை. ஐயருக்குக் கொண்டாட்டத்துக்கு முதல்நாள் பின்னேரம்தான் நேரம் கிடைத்தது. அதுவரை கிற்றார் பெட்டிக்குள் இருந்தது, நான் வெளியே இருந்தேன்.

பிள்ளையார் கோயில் வாசலில் ஐயர் கிற்றாரை வாங்கி மேலும் கீழும் பார்த்தார். வாகனமென்றால் அவருக்கு ஒழுங்கு தெரியும்: முன்விளக்குக்கு ஒரு பொட்டு, ஹாண்டிலுக்கு மாலை, சில்லுக்கு எலுமிச்சம்பழம். இதில் முன்பக்கம் எது?

"தம்பி, இதிலை கரண்ட் எதாலை போறது?"

வயர் செருகும் ஓட்டையைக் காட்டினேன். (யாராவது என் கையை அப்போதே பிடித்து முறித்திருக்கலாம்.)

"அப்ப அதுதான் முக்கியம்" என்று சொல்லி, அந்த ஓட்டையை நிறைத்துச் சந்தனத்தை அப்பினார். திருகுகிற குமிழ்களுக்கெல்லாம் பொட்டு. கழுத்துக்குச் செவ்வரத்தம்பூ மாலை. பிறகு செம்பிலிருந்து தீர்த்தம் தெளித்தார். அப்பாவுக்கு அது போதவில்லை.

"ஐயா, கனடாவிலையிருந்து கடல் தாண்டி வந்த சாமான். கொஞ்சம் தாராளமாய் விடுங்கோ."

ஐயர் தாராளமாய் விட்டார். மிச்சத்தைத் தேங்காய் பார்த்துக்கொண்டது. அப்பா தேங்காயைச் சுற்றி ஓங்கி அடித்த அடியில் இளநீர் எழும்பிக் கிற்றாரின்மேல் அபிஷேகமாக விழுந்தது. சில்லு இல்லாத குறைக்கு, எலுமிச்சம்பழத்தைக் கிற்றாரின் அடிப்பாகத்தால் நானே நசித்தேன். அக்கா கைகூப்பிக் கண்மூடி நின்றாள். அவள் என்ன வேண்டினாள் என்று எனக்குத் தெரியும். அதனால் நான் வாயைத் திறக்கவில்லை.

"இனி நாளைக்குச் சபையிலைதான் கம்பியை முதல் தொடவேணும்" என்று அப்பா பெட்டியைப் பூட்டித் திறப்பை மடியில் செருகிக்கொண்டார்.

அடுத்தநாள் நான் தாய்மாமன். காலையில் பெண்பிள்ளையின் நீராட்டுக்குத் தேங்காய் உடைப்பது என் கடமை. அதே பட்டு வேட்டி, சால்வை, நெற்றியில் சந்தனத்தோடு மண்டபத்து மேடைக்கு ஏறிக் கிற்றாரை மாட்டினேன். சால்வையில் பட்டி நிற்காமல் வழுக்கியது. சபை நிறைந்திருந்தது. பந்தி தொடங்க இன்னும் ஒரு பாட்டுத்தான் என்று ஒலிவாங்கியில் அறிவித்துவிட்டார்கள். இவ்வளவு கவனமாக என் வாசிப்பை ஊர் அதற்குமுன் எதிர்பார்த்ததில்லை.

வயரைச் செருகினேன். போகவில்லை. குனிந்து பார்த்தேன். ஓட்டைக்குள் சந்தனம் காய்ந்து கல்லாய் இருந்தது. ஒரு சேஃப்டி பின் வாங்கிக் குடையத் தொடங்கினேன்.

ரஞ்சன் அண்ணை கீபோர்டுக்கு மேலால் எட்டிப்பார்த்தார். "என்னடா செய்யிறாய்?"

"சந்தனம் கிண்டுறன் அண்ணை."

அவர் வேதக்காரர். எங்கள் சமயத்தில் அப்படி ஒரு சடங்கு இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, மரியாதையோடு காத்திருந்தார்.

ஒருவழியாக வயர் உள்ளே போனது. முதல் சுரத்தை மீட்டினேன். ஸ்பீக்கரிலிருந்து வந்த சத்தத்தை எழுத்தில் தரமுடியாது. இரும்புக் கதவைச் சீமெந்துத் தரையில் இழுத்தால் ஓரளவு கிட்ட வரும். குமிழைத் திருகினேன், இன்னும் பெரிதாக உறுமியது. கைக்குழந்தைகள் வீரிட்டன. யாரோ ஒருவர் மெயின் சுவிட்சை நிறுத்த ஓடினார்.

"கிற்றார் சரியில்லை அண்ணை!" என்று கத்தினேன். என் வாழ்க்கையில் முதன்முறையாக அது உண்மை.

ரஞ்சன் அண்ணை என்னை நிதானமாகப் பார்த்தார். "இதுவுமோடா?" என்றார்.

முன்வரிசையிலிருந்து அப்பா எழும்பினார். "அது கோயிலிலை வைச்ச சாமான். அதிலை பிழை வராது!"

சபை சிரித்தது. நான் என்ன சொல்வது? பிள்ளையார் தீர்த்தம் உள்ளே போய்ப் பழுதாக்கிவிட்டது என்று ஊர் முழுக்க இருக்கும் சபையில் சொல்லமுடியுமா? சொன்னால் அப்பா என்னை அங்கேயே பலிபோட்டிருப்பார். கையில் இருந்த நல்ல நியாயத்தை விழுங்கிவிட்டு வயரைக் கழற்றினேன். அக்காவைப் பார்க்கவே எனக்குத் துணிவு வரவில்லை.

அவள் மேடையடிக்கு வந்துவிட்டாள். "தம்பி, உன்ரை பழசு வானுக்கை கிடக்கெல்லோ? அதிலை வாசி."

"அக்கா, அது..."

"வாசியடா."

குழுவின் வாத்தியங்கள் ஏற்றிவந்த வண்டியிலிருந்து சிவப்புக் கிற்றார் வந்தது. வாசித்தேன். பல்லவி சரியாகப் போனது. சரணம் வந்தது. ஏறவேண்டிய இடம் வந்தது. விரல் பாதிவழி ஏறி, வழுக்கி, நின்று, வழமைபோலப் பல்லவிக்கே ஓடிவந்தது. ரஞ்சன் அண்ணையின் கைகள் மேலே ஏறிப்போய் அங்கே தனியாக நின்றன. பாட்டு முடிந்துவிட்டதென்று பசியில் இருந்தவர்கள் கைதட்டிவிட்டுப் பந்திக்கு எழும்பிப் போய்விட்டார்கள்.

அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தியிருந்தாள். தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாள் என்று நினைத்தேன். செத்துப்போகலாம்போல் இருந்தது. கீழே இறங்கியதும் என் கையைப் பிடித்தாள்.

"அம்மாவும் அதிலைதானேடா விழுவா" என்றாள். "மேலை போக முட்டு இழுக்கும். நிண்டு மூச்செடுத்திட்டுத் திரும்பவும் முதலிலை இருந்து தொடங்குவா. போனிலை நீ வாசிக்கேக்கை நான் என்னத்துக்குப் பேசாமல் இருந்தனான் எண்டு நினைச்சாய்?"

அம்மாவுக்கு ஆஸ்துமா. எங்கள் வீட்டில் அதை முட்டு என்போம். பாட்டு மேலே ஏறும் என்பது றேடியோவில் கேட்டு எனக்குத் தெரியும். ஆனால் என் விரல் படித்தது றேடியோவிடம் அல்ல. இத்தனை காலமும் நான் கிற்றாரின் குறை என்று திட்டியது அம்மாவின் மூச்சை.

அந்த இடத்தில் நான் நெகிழ்ந்து அழுதேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். அழவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. கலைஞன் என்று நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு, நீ வாசித்ததெல்லாம் உன் தாயின் நோயை என்று சொன்னால் எப்படி இருக்கும்? ரஞ்சன் அண்ணையும் அடுத்த கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை. "உன்ரை வீட்டாக்களுக்கு அது விளங்கும். கல்யாண வீட்டுக்காரருக்கு விளங்காது" என்றார். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை.

நீலக் கிற்றாரை றேடியோ திருத்துகிற கடையில் கொடுத்தேன். திறந்தவர் உள்ளேயிருந்து காய்ந்த சந்தனமும் ஒரு செவ்வரத்தம்பூ இதழும் எடுத்துத் தந்தார். அதன்பிறகு அது அருமையாக வேலை செய்தது. நான் ரோஷத்தில் சாதகம் செய்தேன். பின்னேரங்களில் வேறு வேலையும் இல்லை. கம்பிகள் தாழ்வாக இருந்ததால் விரல் தானாகவே ஓடியது. மெல்ல மெல்ல, அந்த இடத்தில் பாட்டு மேலே ஏறத் தொடங்கியது.

அம்மாவின் திவசத்தன்று அக்காவுக்குப் போன் எடுத்து வாசித்துக் காட்டினேன். ஒரு வழுக்கல் இல்லை. அக்கா பேசவில்லை. இந்த மௌனம் வேறு மாதிரி இருந்தது.

"வடிவாய் இருக்கு தம்பி" என்றாள் கடைசியில். "ஆனால் அம்மாவைக் காணேல்லை."

விலைகூடிய கிற்றாரால் வாசிப்பில் வித்தியாசம் வருமா என்று இப்போதும் சில பெடியள் என்னிடம் கேட்கிறார்கள். வரும். நல்ல வித்தியாசம் வரும். யோசித்து வாங்குங்கோ என்று சொல்வேன்.

எங்கள் வீட்டில் சோறு குழைந்தாலும், மோட்டார் சைக்கிள் நின்றாலும், அப்பாவின் வெங்காயத்துக்கு விலை விழுந்தாலும், "கிற்றார் சரியில்லை" என்பதுதான் பேச்சு. அக்காவின் மகளும் கணக்கில் புள்ளி குறைந்தால் கனடாவில் நின்று அதையே சொல்கிறாளாம். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

போன திவசத்துக்கு அலுமாரிக்கு மேலே கிடந்த சிவப்புக் கிற்றாரை இறக்கித் தூசு தட்டி, அக்காவுக்குப் போனில் வாசித்தேன். விரல் நேராக ஏறிவிட்டது. மறுபடி தொடங்கி, அந்த இடத்தில் வேண்டுமென்றே வழுக்கினேன்.

"நீ நடிக்கிறாய்" என்றாள் அக்கா. "தெரியுது."

"இல்லை அக்கா" என்றேன். "கிற்றார் சரியில்லை."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடிந்தபிறகும் அக்கா போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.