லான்வேர் கிளையின் ஐந்தாவது சீட்டு

இரண்டு மணிநேரம் பதினேழு நிமிடம் நீடித்தது அந்தப் போர். அதன் நாயகனை முதலில் வணங்குவோம். மாத்திரை எண்ணிய விரலோன், நாற்பதாண்டு மருந்துக்கடையில் ஒரு வில்லையும் தவறவிடாத கூர்விழியோன், மழைக்கோட்டுக் கவசத்தான், வேல்ஸ் மலைச்சரிவில் லான்வேர் ஊர் லிபரல் கட்சிக் கிளையின் செயலாளன், இட்வல் பிராசர் வாழ்க. ஆலயத்தின் பின்னறையே, அங்கே கொதித்துக்கொண்டிருந்த தேநீர்க் கெண்டியே, பொய்யின்றி இக்கதை சொல்ல எனக்குத் துணை நில்லுங்கள்.

அவன் பூண்ட விரதம் பெரிது. கட்சித் தலைவரை நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஒரு டஜன் பேர் லண்டனில் ஓர் அறைக்குள் கதவடைத்துக்கொண்டு தேர்ந்த காலத்தில், தொண்டனுக்கும் வாக்கு வேண்டும் என்று ஆண்டுக்கு ஆறாக முப்பத்தோராண்டு தலைமையகத்தின்மேல் மடல்மாரி பொழிந்தவன் அவன். வந்த பதில்கள் மூன்று. ஆயினும் கோட்டை கடைசியில் வீழ்ந்தது. இந்தக் கோடையில் தொண்டர்களே தலைவரைத் தேர்வார்கள் என்று ஓலை வந்தது; களத்தில் கெல்மோர், ராட்ஃபர்டு என இருவர். லான்வேர் கிளைக்கு இருபத்தொரு வாக்கு. உறுப்பினர்களின் சீட்டுகள் எப்படிப் பிரிகின்றனவோ அப்படியே அவையும் பிரியும். சனிக்கிழமை நண்பகலுக்குள் தொலைபேசியில் முடிவைச் சொல்லாத கிளை வாக்கிழக்கும்.

கிளையின் யானை, தேர், குதிரை, காலாள் அனைத்தும் சேர்ந்து ஐந்து பேர்.

சனி காலை ஒன்பது நாற்பத்தொன்றுக்கு, ஐவரும் சீட்டிட்ட பிஸ்கட் டப்பாவை, பகைவர் கோட்டைக் கதவைத் திறக்கும் தளபதிபோல் இட்வல் திறந்தான். கெல்மோருக்கு இரண்டு. ராட்ஃபர்டுக்கு இரண்டு. ஐந்தாவது சீட்டு, கால்படாத பனிவெளிபோல், கறந்த பால்போல், கடுகளவு கறையுமின்றி வெறுமையாகக் கிடந்தது.

“இருபத்தொண்ணைப் பாதியாக்கினா பத்தரை,” என்றார் ஆட்டுப்பண்ணைக்காரர் ஹூ மோஸ்டின். “அரை ஓட்டை போன்ல எப்படிச் சொல்றது? லண்டன்காரன் வருஷம் பூரா சிரிப்பான்.”

வெற்றுச்சீட்டு யாருடையது? வேறு கட்சியார் என்றால் அந்த நொடியே கேட்டிருப்பார்கள். லிபரல்களோ இரகசிய வாக்கை உயிரினும் மேலாகப் போற்றுவோர். ஆகவே எவரும் கேட்கவில்லை. ஐவரும் ஐவரையும், வியூகத்துள் ஒற்றனைத் தேடும் வீரர்போல், தேநீர்க் கோப்பைக்கு மேலாக நோக்கினர்.

“யாருன்னு நான் கேக்கல. கேக்கவும் கூடாது,” என்றார் ஓய்வுபெற்ற ஆசிரியை கிவெண்டா பெய்னன். ராட்ஃபர்டின் படம் பொறித்த சின்னம் அவர் மார்பில் தட்டளவு மின்னியது. “பென்சில் இல்லாமப் போனவங்க யாராவது இருந்தா, இதோ என்னோடது.”

“நீங்களே வச்சுக்குங்க கிவெண்டா,” என்றார் ஹூ. “அதுக்கு ராட்ஃபர்டைத் தவிர வேற பேர் எழுதத் தெரியாது.”

“உங்க ஆட்டுக்குக்கூடக் கெல்மோர்னு பேர் வச்சிருக்கீங்களாமே ஹூ?”

“அது கிடாய். ஜெயிக்கிற ஜாதி.”

மறுவாக்குக்கு ஆணையிட்டான் நாயகன். புதுச்சீட்டுகள் பறந்தன, மடிந்தன, டப்பாவுள் வீழ்ந்தன. இரண்டு, இரண்டு, வெறுமை. மூன்றாம் முறையும் அதே. பத்தரை ஆனது, பதினொன்று ஆனது, திராட்சை ரொட்டி தீர்ந்தது. போதகர் டெகிட் தம் சட்டைப்பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து, “சுண்டிப் பாத்துடலாமே?” என்றார்.

அப்பொழுது இட்வல் எழுந்தான். அவன் குரல் முகட்டு ஓடுகளை அதிர்த்தது. “முப்பத்தோராண்டு நான் மடல் தீட்டியது நாணயத்தின் முதுகு பார்க்கவா? மனிதன் மனமறிந்து தேர வேண்டும். தேராதவனுக்கு உரிமை எதற்கு?” என்று முழங்கினான். முழங்கி முடித்ததும் அவன் முகம் ஏனோ சிவந்தது.

நாணயம் பைக்குள் பதுங்கியது. போதகரின் மனைவி மாரெட் பின்னலூசியைக் கீழே வைத்தார்.

“இவர் இல்ல, நானும் இல்ல,” என்றார். “கல்யாணமான நாள்லேர்ந்து நான் எதுக்குப் போட்டாலும் இவர் எதிர்லதான் போடுவார். ஆளுக்கொண்ணு, ஒண்ணுக்கொண்ணு கழிஞ்சுபோச்சு.”

“மாரெட், அது இரகசியம்,” என்றார் போதகர்.

“ஊருக்கே தெரிஞ்ச இரகசியம்.”

கிவெண்டாவின் மார்பில் ராட்ஃபர்டு. ஹூவின் தொழுவத்தில் கெல்மோர். தம்பதியர் ஆளுக்கொன்று. ஐந்திலிருந்து நான்கைக் கழிக்கும் கணக்கு அந்த அறையில் மெல்ல, பனிமூட்டம் விலகி மலை தெரிவதுபோல், ஒவ்வொரு முகத்திலும் தெளிந்தது. நான்கு தலைகள் திரும்பின. மணி பதினொன்று ஐம்பத்தாறு.

“இட்வல்,” என்றார் கிவெண்டா, வகுப்பில் கடைசி வரிசைப் பிள்ளையிடம் பேசும் குரலில். “கேக்கக் கூடாதுதான். போனை எடுக்கணும். ரெண்டு நிமிஷத்துல ஒரு பேர் எழுதிடுங்களேன்.”

மடல்மாரி பொழிந்தோன், கோட்டை சாய்த்தோன், மாத்திரை எண்ணிய விரல்களால் பென்சிலை வாங்கினான். சீட்டின் மேல் அதன் முனை, இரை தேடி வானில் வட்டமிடும் பருந்துபோல், கெல்மோரின் மேல் தாழ்ந்து, எழுந்து, ராட்ஃபர்டின் மேல் தாழ்ந்து, மீண்டும் எழுந்து, தலைமுறைகள் காத்திருந்த உரிமையின் உச்சியில் நின்றது. மணி பதினொன்று ஐம்பத்தெட்டு. அவர் பென்சிலைக் கீழே வைத்தார்.

“எனக்கு ரெண்டு பேரையுமே பிடிக்கல,” என்றார் இட்வல்.